நீச்சல்: கொஞ்சம்

ஆடியில் கல்யாண மண்டபத்துக்கு வேலையில்லை.
புக்கிங் ரிஜிஸ்தரில் நாலு வாரம் வெள்ளையாய்க் கிடக்க
கடைசிப் பக்கத்தில் ஸ்கேல் வைத்துக்
கட்டம் போட்டாள் செலின்.
பெயர். டீசல் பங்கு. சாப்பாடு. நீச்சல்.

கமர்நிஷா ஓட்டும் பள்ளிக்கூட வேன்
ஞாயிற்றுக்கிழமை சும்மாதான் நிற்கும்.
பிரேக் பார்க்கணும் என்று முதலாளியிடம்
பாதி உண்மை சொல்லியாயிற்று.
காரைக்குடியில் நாலரைக்கு எடுத்தால்
குன்றக்குடியில் மயில் சத்தம்,
திருப்பத்தூரில் டீ,
சிங்கம்புணரியில் இன்னொரு டீ வேண்டுமா என்பதில்
இப்போதே அரைமணி நேரச் சண்டை.
நத்தம் தாண்டி இடதா வலதா?
அங்கே போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

மலையடியில் ஒரு மடு இருக்கிறதாம்.
பெய்தாலும் பெய்யாவிட்டாலும்
அடியிலிருந்து ஊறுகிறதாம்.
எங்களுக்கு நம்பிக்கை வராத இடம் அதுதான்.
எங்கள் பக்கம் தண்ணீர் மேலிருந்து விழ வேண்டும்,
ஓட்டில் வழிந்து அண்டாவில் நிற்க வேண்டும்,
இல்லையென்றால் லாரியில் வர வேண்டும்.
கீழேயிருந்து, யாரும் கேட்காமல், தானாக வருவது
கடன் கொடுத்தவர்
வட்டி வேண்டாம் என்று சொல்வது மாதிரி.

படகு முந்தாநாள் கூரியரில் வந்தது,
தோளில் மாட்டும் பைக்குள் எட்டாய் மடிந்து.
காயாக் என்றால் மீன்குழம்பா என்றார் வாட்ச்மேன்.
மணமேடையில் விரித்து
கால் பம்ப்பை ஆளுக்கு நூறு மிதி.
முதலில் மூக்கு எழுந்தது, பிறகு விலா.
நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த செலின் சொன்னாள்:
"ஐசியூவில்கூட இவ்வளவு அமுக்கினதில்ல."

ஓட்டை பார்க்கத் தண்ணீருக்கு எங்கே போவது?
ஊருணியில் இறங்கக் கூடாது, குடிதண்ணீர்,
போர்டு வைத்திருக்கிறார்கள்.
பஞ்சர் கடைக்காரர் மாதிரி சோப்பு நுரை தடவி
காதை வைத்துக் கேட்டாள் கமர்நிஷா.
வால்வுப் பக்கம் ஒரே ஒரு குமிழி
பெரிதாகி, யோசித்து, உடைந்தது.
பரவாயில்லை, என்றாள்.
பரவாயில்லையா, என்றேன்.

உட்கார்ந்து பார் என்றார்கள்.
எத்தனையோ பேர் மாலை மாற்றிய இடத்தில்
காலை நீட்டி உட்கார்ந்தேன்.
இடது. வலது. இடது.
நாலாவது வீச்சில் துடுப்பு
சீரியல் பல்பில் மாட்டிக்கொண்டது.
ஃபேன் காற்றில் மேடைத் துணி அலைய
ஒரு நொடி
தரை நகர்ந்தது. சத்தியமாக நகர்ந்தது.
விளிம்பைப் பற்றிய என் விரல்கள் வெளுத்ததை
செலின் பார்த்திருக்க வேண்டும்.

கமர்நிஷா தொண்டியில் பிறந்தவள். தெரியும்.
செலின்: கிணற்றில் மட்டும்.
உமையாள்: கொஞ்சம்.
என் கையெழுத்துதான்.
ரசத்துக்கு உப்புக் கொஞ்சம் போடலாம்.
கொஞ்சம் நீந்துகிறவள்
மீதி நேரம் என்ன செய்வாள்?

மடுக்கரை டீக்கடைக்குப் போன் போட்டோம்.
ஸ்பீக்கரில் சோலைமலை அண்ணன்,
பின்னால் பாய்லர் இரைச்சல்:
"காலையில வெதுவெதுன்னு இருக்கும்,
உச்சிக்கு ஜில்லுன்னு. தண்ணி ஒண்ணுதான்,
நம்ம உடம்புதான் மாறுது.
ஆழமா? குடம் விழுந்தா குடம் தெரியும்.
எடுக்கத்தான் ஆள் இறங்கணும்."
இருவரும் சிரித்தார்கள்.
நானும், கொஞ்சம்.

புளியோதரையா தயிர்சாதமா என்று
அவர்கள் கட்சி பிரிந்தபோது
பேனாவை எடுத்து அந்தச் சொல்லை அடித்தேன்.
சரியான சொல்லை எழுதுவதற்குள் மண்டபத்துப் போன்:
ஆவணி பத்து காலியா இருக்கா?
இருக்கு, ஒரு நிமிஷம், என்று
தேதிப் பக்கத்துக்குப் புரட்டினால்
கடைசிப் பக்கத்தில் ஒரு விரல், செலினுடையது,
மூடவிடாமல்.

பேசி வைத்துவிட்டுத் திரும்பினேன்.
காலியாய் விட்ட கட்டத்தில் அவள் எழுத்து,
டாக்டர் சீட்டைவிட மோசமான எழுத்து:
லைஃப் ஜாக்கெட் 1, மீடியம்.
யாரும் ஒன்றும் பேசவில்லை.
"கயிறு நான் எடுத்துட்டு வர்றேன்," என்றாள் கமர்நிஷா,
"நீளமாவே."

மேடையில் படகின் மூக்கு
லேசாகத் தொங்கியிருந்தது.
போய் மிதித்தேன்.
நூற்றியொன்று. நூற்றியிரண்டு.